ஆயில் மூடி

பொள்ளாச்சி ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் அம்சவேணி வைத்ததுதான் சட்டம். வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் கற்க வந்த தங்கமுத்துவுக்கு ஐம்பத்தாறு. சிரிக்காதீர்கள். செத்துப்போன மகன் ஆசையாக வைத்திருந்த பழைய இஞ்செக்‌ஷன் காரை வேறு யாரும் தொடக்கூடாது, தானே சரிபண்ண வேண்டும் என்று வந்த மனுஷன்.

நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஓடும்போது அந்தக் கார் உதறும். இவர் ஸ்க்ரூவைத் திருகி இஞ்சின் வேகத்தை ஏற்றுவார். உதறல் அடங்கும். இரண்டே நாளில் மறுபடி உதறும். மறுபடி திருகுவார்.

"இன்னும் எத்தனை தடவைங்கண்ணா ஏத்துவீங்க?"

"சத்தம் சீரா இருக்குதுங்களே அம்மணி."

அன்றைக்குக் காலையிலும் ஏற்றிவிட்டு, பானட்டைப் பிடித்தபடி நின்றார்.

"எங்க வீட்டுக்காரி சரசு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. பையன் போயி மூணு மாசமாச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, உங்ககூட இருக்கவே பயமா இருக்குதுன்னுட்டா. யாராச்சும் ஒருத்தர் திடமா நிக்க வேண்டாங்களா? கருமாதி முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போனேன். எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. நான் என்ன கல்லுங்களா அம்மணி?"

அம்சவேணி பக்கத்தில் சர்வீஸுக்கு நின்ற அதே ரகக் காரை ஸ்டார்ட் செய்தாள்.

"இஞ்சின் மேல இருக்கற ஆயில் மூடியைத் திறங்க."

திறந்தார். இஞ்சின் திணறி நின்றே போயிற்று.

"இப்ப உங்க காரு."

மகனுடைய காரின் மூடியைத் திறந்தார். இஞ்சின் அது பாட்டுக்கு ஓடியது. சத்தம் துளியும் மாறவில்லை.

"பாத்தீங்களா, நம்ம வண்டிதான் உறுதி," என்றார். முகத்தில் பெருமை.

"இல்லீங்கண்ணா. நல்ல இஞ்சினுக்குள்ள காத்து அளந்துதான் போகும். மூடியைத் திறந்தா அளவில்லாத காத்து ஏறும், தாங்காது. திறந்தும் ஒண்ணும் ஆகலைன்னா, ஏற்கெனவே உள்ள எங்கியோ வெடிச்சுக் கிடக்குதுன்னு அர்த்தம்."

தங்கமுத்து கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"மூடியைப் போட்டுட்டு, ஏத்தின ஸ்க்ரூவைப் பழையபடி இறக்குங்க. உதறலை மறைச்சா எடம் தெரியாது."

இறக்கினார். கார் உதறத் தொடங்கியது. பானட்டைப் பிடித்திருந்த கை உதறியது. பிறகு தோளும் குலுங்கியது.

"வண்டியை அணைச்சிரட்டுங்களா அம்மணி?" குரல் உடைந்துவிட்டது.

"வேண்டாங்கண்ணா. உதறட்டும்."