ஒளிச் சிகிச்சை விழா

பட்டுப்புடவையைப் பற்றி எழுதுகிறவர்கள் நெய்தவரை எழுதுவார்கள், உடுத்தியவளை எழுதுவார்கள். நாளெல்லாம் நின்றபடி அதைப் பிரித்துக் காட்டும் விற்பனைப் பெண்ணை எழுதுவதில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி முப்பிடாதி.

கால்களில் இரத்தம் சீராக ஓடாமல், நரம்பு புடைத்து, பாதம் மரத்துப்போனதால் உட்கார ஒரு முக்காலி கேட்டாள். ஜவுளிக்கடை முதலாளி தவசிமணி முக்காலி தரவில்லை. இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று சொல்லி, சிவப்பு ஒளி பாய்ச்சும் கருவியொன்றை வாங்கி ஓய்வறையில் வைத்தார். தம் கருணையை ஊர் அறிய வேண்டுமல்லவா? வாடிக்கையாளர்களைக் கூட்டி விழா எடுத்தார்.

"ஒளியால குணமாச்சுன்னு மேடையில சொல்லணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரு" என்று முப்பிடாதியிடம் முன்னதாகவே சொல்லிவைத்தார்.

அவள் மேடையேறினாள். "குணமாச்சு அண்ணாச்சி. முதல் நாளே வலி குறைஞ்சிட்டு."

தவசிமணி பூரித்தார். "எப்படின்னு எல்லாருக்கும் விளக்கமா சொல்லும்மா!"

"நாற்காலியில உட்கார்ந்து, காலை நீட்டி, அரை மணி நேரம் அசையக் கூடாதுன்னாங்க. அப்படியே செஞ்சேன். எந்திரிக்கும்போதுதான் பார்த்தேன், சுவிட்சைப் போடவே மறந்திருக்கேன். அதுக்கப்புறம் ஒருநாளும் போடல. விளக்கை நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி. நாற்காலியை மட்டும் எங்களுக்குக் குடுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் முதலாளியும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரமே கடையின் தளந்தோறும் முக்காலிகள் வந்தன. முப்பிடாதியை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது அவள் வேறொரு கடையின் பாத்திரப் பிரிவில் நின்றுகொண்டிருக்கிறாள்.