மாடசாமிக் கரடி வாங்கிய சைக்கிள்

மலையடிவாரக் காட்டில் மாடசாமி என்ற கரடியும் அவன் மனைவி பேச்சியும் வாழ்ந்து வந்தார்கள். மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த பேச்சி, காய்ச்சல் விட்ட பிறகும் குகையை விட்டு வெளியே வரவில்லை. நடந்தால் கால் தள்ளாடியது. பேச்சும் குறைந்துவிட்டது. சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஏரியைச் சுற்றிக் காட்டினால் அவள் தேறிவிடுவாள் என்று மாடசாமி நம்பினான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். சைக்கிள் வாங்குகிறவர்கள் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக இருந்தால் நல்ல வண்டி. கடையிலேயே ஏறி உட்கார்ந்து பார்ப்பது பட்டிக்காட்டுத்தனம். கடைக்குத் துணையாக வந்த செவலை என்ற மான், தான் ஓட்டுவதைப் போன்ற பந்தய சைக்கிளையே காட்டினான். மாடசாமி தூக்கிப் பார்த்தான். உடனே பின்னால் ஒரு கேரியரை மாட்டச் சொல்லி வாங்கிவிட்டான். தூக்கிக்கொண்டு திரியவா சைக்கிள் வாங்குகிறோம்? அதை யாரும் கேட்கவில்லை.

பேச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினான். சீட் ஒரு பாகற்காய் அகலம்தான். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்ததால் மாடசாமியின் மூக்கு முன்சக்கரத்தைத் தொடப் போனது. முதுகு விண்விண்ணென்று வலித்தது. ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஒரு வளைவில் கால் தரைக்கு எட்டாமல் இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நான் குகையிலேயே கிடக்கேன்" என்றாள் பேச்சி. மாடசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய், மாற்றித் தரும்படி கேட்டான். இந்த முறை எதையும் தூக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்தான். கடையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஸ்பிரிங் வைத்த அகலமான சீட், உயரமான ஹேண்டில்பார். உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடிந்தது.

"இது வெறும் கட்டை வண்டி. நான் ஏரியை ஒரு சுத்து சுத்தி வரும்போது நீ பாதி வழியில நிப்பே" என்றான் செவலை.

"நிக்கத்தானே போறேன்" என்றான் மாடசாமி.

பேச்சியைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினான். அவள் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி நிதானமாக உருண்டது. கொஞ்ச தூரத்தில் அவள் பிடி தளர்ந்தது.

"நிறுத்துங்க!" என்றாள் திடீரென்று. மாடசாமிக்குத் திக்கென்றது. காலை ஊன்றி நின்றான்.

"அங்க பாருங்க, நீர்க்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போலாம்."

மாடசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எதை வாங்கினாலும் ஊரார் மெச்சுவதை விட்டுவிட்டு, நம் உடம்புக்கும் நம் தேவைக்கும் பொருந்துவதையே வாங்க வேண்டும்.