மொட்டைப் பழம்

மன்னவனூர் போகிற பாதையில், மேகம் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு மேட்டில், நாலு பீச் மரமும் ஒரு குடிலும் இருந்தன. குடிலில் குருவாக இருந்தவர் சௌந்தரம்மா. வயது நாற்பத்து நாலு. பழப்பண்ணையில் ஒட்டுச்செடி கட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய சீடர் ஒச்சப்பன். வயது அறுபத்திரண்டு. மகள் வயதில் குரு, அப்பா வயதில் சீடன் என்று கீழே ஊரில் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பேரையெல்லாம் ஒச்சப்பன் நினைவு வைத்திருந்தார்.

பீச் பழத்தின் தோலில் பூனை மயிர்போல் சுணை இருக்கும். தொண்டையில் பட்டால் அரிக்கும். அதனால் வைகாசிப் பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் முன், ஒவ்வொரு பழத்தையும் கம்பளித் துண்டால் துடைத்துச் சுணை போக்குவது அங்கே வழக்கம். அது ஒச்சப்பன் வேலை. பதினோரு வருஷமாக அவர் கை படாத பழம் அந்த மேட்டை விட்டு இறங்கியதில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. தின்ற பழத்தின் கொட்டையை எறிய மாட்டார். காயவைத்து, பாறைமேல் வைத்து, உள்ளங்கை அளவு கல் ஒன்றால் உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைத் தின்பார். பாதாம்போலவே இருக்கும், கொஞ்சம் கசக்கும். கசப்பு உடம்புக்கு நல்லது என்பார். நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அந்த வருஷம் பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம் அவருடைய தம்பி தவசி வந்தான்.

வருவது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஒச்சப்பன் அறைக் கதவைத் திறக்கவில்லை. இந்தத் தடவையும் திறக்கவில்லை. தவசி கடைசி மரத்தடியில் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு விருந்தாளிகள் தங்கும் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு அப்பா செத்தபோது ஒச்சப்பன் திருப்பூரில் இருந்தார். மூத்தவர் அவர். கொள்ளி வைக்க வேண்டியவர். வந்த பஸ் வழியில் நின்றுபோயிற்று. ஊர் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் இருந்தது. தவசி தலையை மழித்து, ஈர வேட்டியோடு நின்றான். அந்த மொட்டைத் தலை ஈரத்தில் மின்னியது. ஒச்சப்பன் அதை மறக்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் பாறையில் உட்கார்ந்து கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தன்பாட்டுக்குக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தது. வாய் தன்பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து எழுந்து, தாழ்ந்த கிளையில் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றார். மூடுபனியில் கிளை சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது பழத்தைப் பறித்துக் கம்பளித் துண்டை வைத்ததும், கை வழுக்கியது.

பழத்தில் சுணை இல்லை.

அடுத்ததைத் தொட்டார். அதிலும் இல்லை. பனி விலகியது. அந்தக் கிளை முழுக்க மழித்துவிட்டதுபோல் செக்கச்செவேலென்று பழங்கள் ஈரத்தில் மின்னிக்கொண்டு தொங்கின.

அவருக்கு வாய் கசந்தது. தலை சுற்றியது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. மரத்தடியிலேயே வாந்தி எடுத்தார். பிறகு பாறைமேல் இருந்த கல்லை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆள் இல்லை.

குடில் வாசலில் சௌந்தரம்மா கூடைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் சாகப்போறேன்."

"எப்போ, பெரியவரே?"

"விளையாட்டு இல்லம்மா. தவசி வச்சுட்டான்."

"என்னத்தை வச்சார்?"

"மருந்தோ, செய்வினையோ. கிளை பூரா சுணையை வழிச்சு எடுத்துட்டு என்னத்தையோ தடவியிருக்கான். தெரியாம ஒண்ணைத் தின்னுட்டேன். வாந்தி எடுத்துட்டேன். அப்பாவுக்குக் கொள்ளி வச்சவன், எனக்கும் வைக்க வந்திருக்கான்."

சௌந்தரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த கல்லையும் பார்த்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "வாந்தி எடுத்திருக்கார், வெந்நீர் வேணும்" என்று குரல் கொடுத்தார்.

"எத்தனை பழம் இருக்கும் அந்தக் கிளையில?" என்று ஒச்சப்பனிடம் கேட்டார்.

"அம்பது இருக்கும்."

"அம்பதைத் துடைக்க உங்களுக்கு ஒரு நாள் ஆகுமே. இருட்டுல, அதுவும் ஒரே ராத்திரியிலயா?"

"அவனுக்கு எப்பவுமே கை வேகம். அப்பா விஷயத்துலயே பாத்தோமே."

இருவரும் மரத்தடிக்கு நடந்தார்கள். ஒச்சப்பனுக்குக் கால் குளிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் தவசி நிற்பதுபோல் இருந்தது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சௌந்தரம்மா தாழ்ந்த கிளையில் மொட்டைப் பழம் ஒன்றைப் பறித்தார். மேல் கிளையில் சுணைப் பழம் ஒன்றைப் பறித்தார். மடியிலிருந்த கத்தியால் இரண்டையும் தோல் சீவி, துண்டு போட்டு, ஓர் இலையில் கலந்து வைத்தார்.

"இதுல உங்க தம்பி வச்சது எது?"

ஒச்சப்பன் குனிந்து பார்த்தார். எல்லாத் துண்டும் மஞ்சள். எல்லாத் துண்டிலும் கொட்டை இருந்த பக்கம் சிவப்பு. வாசனையும் ஒன்றுதான்.

"தெரியலைம்மா."

"பாதி நீங்க பதினோரு வருஷமாத் தின்ன பழம். எடுத்துக்குங்க."

அவர் வலது கையில் கல்லோடு இடது கையை நீட்டினார். இலைக்கு மேலேயே அது நின்றது. பிறகு பின்னால் போயிற்று.

"இப்போ எல்லாமே பயமா இருக்கு."

சௌந்தரம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். ஒச்சப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். காற்று இலைகளில் போகிற சத்தம் கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. அவர் கண்ணைத் திறந்தபோது குரு நாலாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தார்.

"இதுக்குப் பேர் நெக்டரின். பண்ணையில மொட்டை பீச்சுன்னு சொல்லுவோம். வேற மரம் இல்லை. சில சமயம் பீச் மரமே ஏதாவது ஒரு கிளையில இப்படிக் காய்க்கும்."

"யாரும் ஒண்ணும் செய்யாமலா?"

"யாரும் ஒண்ணும் செய்யாம."

"குணம்?"

"அதே குணம்தான். தாகம் அடங்கும், வயித்தை இளக்கும், கண்ணுக்கு நல்லது. இது கொஞ்சம் கெட்டியா இருக்கும். கழுவிட்டுத் தோலோட தின்னலாம். தோல்லயும் சத்து இருக்கு. மத்ததுல சுணைக்குப் பயந்து நிறையப் பேர் அதைச் சீவி எறிஞ்சுடுறாங்க."

ஒச்சப்பன் கிளையைப் பார்த்தார். நம்ப முடியவில்லை.

"அவன் வந்த மறுநாள்தானே வந்திருக்கு."

"மாசியில பூத்தது. பங்குனியில பிஞ்சு. பிஞ்சுலயே மொட்டைதான். தினமும் இதைத் தாண்டித்தான் பாறைக்குப் போறீங்க. நேத்து அவர் பிடிச்சுக்கிட்டு நின்ன பிறகுதான் இந்தக் கிளை உங்க கண்ணுல பட்டிருக்கு."

"போன வருஷமும் இதே கிளையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னான். அப்பவே வச்சிருப்பான்."

"இங்க நின்னாத்தான் உங்க அறை ஜன்னல் தெரியும், பெரியவரே."

ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தார். தெரிந்தது.

"இருக்கட்டும். அவன் அதுக்காக நிக்கலை."

"வச்சுட்டு ஒரு வருஷம் காத்திருந்தாரா?"

"ஏன், பத்தொன்பது வருஷம் நான் காத்திருக்கலையா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. எதற்காகக் காத்திருந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. கையில் கல் கனத்தது. முன்பைவிட இப்போது பயம் அதிகமாக இருந்தது.

"அப்படின்னா என் வாய் ஏம்மா கசக்குது? தலை ஏன் சுத்துது?"

சௌந்தரம்மா பாறையருகே போய்க் குனிந்தார். உடைந்த ஓடுகளை விரலால் ஒதுக்கினார்.

"ஒன்பது இருக்கு. ஒன்பது பருப்பையும் தின்னீங்களா?"

"எப்பவும் தின்கிறதுதானே."

"ஒன்பதா?"

"கொட்டகை வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எத்தனைன்னு தெரியலை."

"அதுலதான் விஷம்."

ஒச்சப்பன் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மொட்டைப் பழத்துலயா?"

"நீங்க உடைச்சது எல்லாம் சுணைப் பழத்துக் கொட்டை. நீங்களே துடைச்சது, நீங்களே தின்னது, நீங்களே காயவச்சது. ரெண்டு பழத்துலயும் கொட்டைக்குள்ள அது இருக்கு."

"யார் வச்சது?"

"மரம்தான். வச்சு, ஓட்டுக்குள்ள பூட்டி, சுத்திலும் இத்தனை இனிப்பையும் வச்சிருக்கு. பல்லால கடிச்சா அது உடையாது."

மேகம் ஒன்று மேட்டின்மேல் ஏறி வந்தது. முதல் மரம் மறைந்தது. இரண்டாவது மரம் மறைந்தது.

"நான் செத்துடுவேனாம்மா?"

"வாந்தி எடுத்தது நல்லது. இருந்தாலும் ஒன்பது அதிகம். ஜீப்பைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடணும். பயந்து ஓட வேண்டாம், மெதுவா நடந்து வாங்க."

"ஆஸ்பத்திரியில கூட இருக்க எனக்கு யார் இருக்கா? ஏதாவது ஆயிட்டா யார் இருக்கா?"

சௌந்தரம்மா சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தான். தலை முழுக்க நரைத்த முடி. துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் ஒரு சொம்பைப் பிடித்திருந்தான். ஆவி பறந்தது. அடுப்புச் சாம்பல் முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது. விடியும் முன்பிருந்தே அவன் அடுப்பருகில் இருந்திருக்க வேண்டும்.

ஒச்சப்பன் கல்லை இறுக்கிப் பிடித்தார். அவர் பாறையை விட்டு எழுந்தார். ஓடவில்லை.

தவசி நாலு அடி தள்ளியே நின்றான். அண்ணன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"அண்ணே, வெந்நீர் கொண்டாந்திருக்கேன். சூடு அதிகம். ரெண்டு கையாலயும் வாங்குங்க."

சொம்பைத் தாழ்த்தி நீட்டினான். அவனும் பயந்துகொண்டுதான் வந்திருந்தான்.

ஒச்சப்பன் அதையே பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடி தெரிந்தது. அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வாங்கிக்கட்டுமா?"

"கை காலியா இருக்கான்னு பாருங்க, பெரியவரே" என்றார் சௌந்தரம்மா.