கும்பிலிக்கு அர்த்தம் சொன்ன நரி

குழந்தைகளே, நடுவே தார்ச்சாலை ஓடும் ஒரு காட்டில் கரிச்சான் குருவி ஒன்று தன் குஞ்சுகளோடு வாழ்ந்தது. யார் பேசினாலும் அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளும். வேண்டிய சொல் கிடைக்காவிட்டால் தானே ஒன்றை உண்டாக்கும். இரண்டையும் கலந்து பாடும்.

"லொப்பக் லொப்பக் தவளை பஸ்,
ரைட்டு ரைட்டு கும்பிலி புஸ்,
டிக்கெட் கேட்டால் முயல் தராது,
ஜிங்கிலி போனால் மலை வராது."

காட்டு விலங்குகளின் குட்டிகள் எல்லாம் அது கூடு கட்டியிருந்த மரத்தடியிலேயே கிடந்தன. அரசவைப் புலவரான நரி புலியரசனைப் புகழ்ந்து பாடும்போது ஒன்றுகூட வருவதில்லை. வந்தாலும் தூங்கிவிடும்.

நரி நேரே புலியிடம் போனது. "அரசே, கரிச்சான் தங்களைத் திட்டிப் பாடுகிறது."

அன்று நண்பகலில் சபை கூடியது.

"கும்பிலி என்றால் என்ன?" என்று புலி கேட்டது.

"தெரியாது, அரசே. வாயில் வந்தது, பாடினேன்" என்றது கரிச்சான்.

"பொய். கும்பிலி என்றால் பல் விழுந்த கிழவன்" என்றது நரி.

புலி வாயை இறுக மூடிக்கொண்டது. அதற்கு முன்பல் விழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

"இனிப் பாடமாட்டேன் என்று சொல். இல்லாவிட்டால் காட்டைவிட்டுப் போ" என்று புலி உறுமியது.

குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. ஆனாலும் கரிச்சான், "அப்படிச் சொல்லமாட்டேன், அரசே. நரியாரிடம் இரண்டு சொற்களுக்கு மட்டும் அர்த்தம் கேட்கிறேன். பிறகு தங்கள் விருப்பம்" என்றது.

"கேள்."

"நரியாரே, டுப்புரு என்றால்?"

நரி யோசிக்கவே இல்லை. "வயிறு தொங்குகிறவர். அதுவும் அரசரைத்தான்."

"மொச்சலான்?"

"யானையைக் கண்டு புதரில் ஒளிந்தவர். போன மாதம் நடந்ததைக் குத்திக்காட்டுகிறது, அரசே."

முயல் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அரசே, இந்த இரண்டு சொற்களும் இப்போதுதான், தங்கள் முன்னால்தான் பிறந்தன. நான் அவற்றுக்குள் ஒன்றும் வைக்கவில்லை" என்றது கரிச்சான்.

புலி மெல்ல நரியின் பக்கம் திரும்பியது. "அப்படியென்றால் என் வயிற்றையும் அந்த யானையையும் உள்ளே வைத்தது யார்?"

நரி ஓரடி பின்வாங்கியது. அடுத்த நொடி ஓட்டம் பிடித்தது. அதன்பின் அந்தக் காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

புலி தொண்டையைக் கனைத்தது. "இனி நீயே அரசவைப் புலவராக இரு. என்னைப் பற்றி நல்லதாக நாலு பாட்டுப் பாடு."

"வேண்டாம், அரசே. அதில் அர்த்தம் வைத்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, கரிச்சான் குஞ்சுகளுக்கு இரை தேடப் பறந்தது.

நீதி: பொருளில்லாச் சொல்லில் வசையைக் கண்டுபிடிப்பவன், தன் மனத்தில் இருப்பதையே வெளியே சொல்கிறான்.