சௌந்தரத்தின் குடுவைச்செடி

மாசிலாமணி முப்பத்தெட்டு வருஷம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். அந்த மனுஷன் பூச்சி தின்னும் செடி வளர்க்கக் கற்றுக்கொள்ளப் போனார் என்றால் ஏற்காட்டில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. அவருக்குக் குரு, நர்சரி வைத்திருக்கும் ஜெசிந்தா. அவருடைய மகளைவிடச் சின்னவள்.

ஒரு நாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். இறந்துபோன மனைவி சௌந்தரம் வளர்த்த குடுவைச்செடி. இலையெல்லாம் தளதளவென்று இருந்தது. பூச்சி பிடிக்கும் குடுவை மட்டும் ஒன்றுகூட இல்லை.

“டீச்சரம்மா, அவ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதுவும் போயிடுமா?”

“என்ன போட்டீங்க?”

“என்ன போடல! எரு, புண்ணாக்கு, யூரியா ஒரு சிட்டிகை. எறும்பு ஏறக்கூடாதுன்னு சுத்தி மருந்துப் பவுடர்.”

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறினாள். வேரை மழைத்தண்ணீரில் அலசி, வெறும் தேங்காய் நாரில் நட்டாள்.

“பட்டினி போடச் சொல்றீங்களா?”

“பசிச்சாத்தான் குடுவை வைக்கும், ஐயா. உங்க வீட்டம்மா என்ன போடுவாங்க?”

அவர் யோசித்தார்.

“ஒண்ணும் போடமாட்டா. சாயங்காலம் ஆனா செடி இருக்கிற சமையக்கட்டு ஜன்னலைத் திறந்து வைப்பா. பனியும் பூச்சியுமா உள்ள வரும். நான் கத்துவேன். காபியை ஆத்திக்கிட்டே, ‘வரட்டும் விடுங்க’ன்னு சிரிப்பா. அவ்வளவுதான்.”

“இப்ப அந்த ஜன்னல்?”

“அவ போன மறுவாரமே வலை வச்சு ஆணி அடிச்சுட்டேன். செடியைப் பூச்சி கடிச்சிடுமேன்னு.”

மருந்துக் கடைக்காரர் புத்தி வேறெங்கே போகும்!

ஜெசிந்தா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஆணி பிடுங்கும் குறடை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே அவர் திரும்பி வந்தார்.

“கட்டைவிரல் அளவுக்குக் குடுவை வந்திருக்கு, டீச்சரம்மா! உள்ள ஒரு எறும்பு மிதக்குது!”

சொல்லிவிட்டுக் குறடைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கிளம்பவில்லை.

“என்ன ஐயா?”

“ஜன்னலைத் திறந்தா அவளும் வந்துடறா. அந்தச் சிரிப்பு, அந்தக் காபி வாசனை. நாப்பது வருஷம் வரிசையா வந்து நிக்குது. தினமும் அழுகையா வருது. அது வராம இருக்க ஏதாவது வழி இருக்கா?”

ஜெசிந்தா குறடை ஈரம் போகத் துடைத்தாள்.

“வரட்டும் விடுங்க, ஐயா.”