நடுவழியில் நின்ற அணில்

டொக்.

மரமட்டையின் நடுவில் பந்து சரியாகப் பட்டால் அப்படி ஒரு சத்தம் வரும். எங்கள் கல்லூரிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் உள்ளூர்க் குழு ஒன்று பேஸ்பால் ஆடும். சன்னல் வழியாக அந்தச் சத்தம் மட்டும் வகுப்புக்குள் வரும். யார் அடித்தார்கள், யார் ஜெயித்தார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. சத்தம் கேட்டதும் ஒரு நொடி எல்லாம் அமைதியாகிவிடும். பிறகு யாரோ ஓடுவார்கள். ஓடலாமா, நிற்கலாமா என்று அந்த ஒரு நொடியில் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தெரியாமல் போனதைப் பற்றியது இந்தக் கதை.

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசின என்பது எல்லாருக்கும் தெரியும். அவை விளையாடவும் செய்தன என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆடிய ஆட்டமும் ஏறக்குறைய இதுவேதான். நான்கு மூலையில் நான்கு கல். ஒருவர் புன்னைக்காயை எறிவார். இன்னொருவர் காய்ந்த தென்னைமட்டைத் துண்டால் அதை அடித்துவிட்டு முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல் என்று சுற்றி, புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர வேண்டும். சேர்ந்தால் ஓர் ஓட்டம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும்போது எதிராளி காயோடு வந்து தொட்டுவிட்டால் ஆட்டம் போச்சு.

நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பெருந்தோப்பில் ஆடினார்கள். அங்கே நாவலும் இலுப்பையும் அடர்ந்திருந்தன. மரத்துக்கு மரம் பொந்து இருந்தது. பாம்பு ஏற முடியாத உயரம். தோப்பின் எல்லை முழுக்க முசுறு எறும்புகள் காவல் நின்றன. கூப்பிடாதவர் ஒரு கிளையில்கூடக் கால் வைக்க முடியாது. தோப்புக்கு வெளியே, முள்ளும் மண்ணுமாகக் கிடந்த நிலத்தில் சின்னச் சின்னக் குழுக்கள் ஆடின. பெருந்தோப்பில் ஆள் குறையும்போது இந்தக் குழுக்களிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ‘மேலே போவது’ என்று பெயர்.

அப்படிப்பட்ட சின்னக் குழுக்களில் ஒன்று கள்ளிவேலிக் குழு. பதின்மூன்று பருவம் ஆடியும் ஒரு பருவத்திலும் அது முதலிடம் வந்ததில்லை. வர முடியாது. யாராவது நன்றாக ஆடத் தொடங்கினால் பருவம் முடிவதற்குள் தோப்பிலிருந்து ஆள் வந்துவிடும். முயல் அப்படிப் போனது. மைனா போனது. காடை ஓர் ஆட்டத்தின் பாதியிலேயே போய்விட்டது. நிற்க ஆளில்லாமல் அதன் இடத்தில் ஓர் ஆமையை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஆமை போகவேயில்லை. மேலே போனவர் நின்ற இடத்தில் மறுநாள் காலை எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவது அந்தக் குழுவின் வழக்கம். அது வாழ்த்தா, வசவா என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

கள்ளிவேலிக்கு ஆதரவாளர்கள் ஏழு பேர். ஏழும் தவிட்டுக்குருவிகள், ஏழும் அக்காள் தங்கைகள். ஜெயித்தாலும் திட்டும், தோற்றாலும் திட்டும்.

“ஏ ஆமை, இப்பக் கிளம்பினா அடுத்த மழைக்குள்ள முதல் கல்லுக்கு வந்துருவியா?”

“அவசரப்படுத்தாதடி, ஓடு கழண்டுறப் போகுது!”

ஆனால் ஓர் ஆட்டத்துக்குக்கூட அவை வராமல் இருந்ததில்லை.

மூன்றாம் கல்லுக்கும் புறப்பட்ட கல்லுக்கும் நடுவே, வேலியோரம் ஒரு முளைக்கம்பு நட்டிருந்தது. அதன்மேல் ஓணான் உட்கார்ந்திருக்கும். ஓடுகிறவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் காய் எங்கே இருக்கிறது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் கால் தடுமாறும். வெளியிலிருந்து திட்டலாம்; ஆனால் ஓடு, நில் என்று யாரும் குரல் கொடுக்கக் கூடாது. அதனால் ஓணான் பார்த்துச் சொல்லும். தலையை உயர்த்தினால் ஓடு. தாழ்த்தினால் நில். ஒரே ஓர் அசைவு. பதின்மூன்று பருவத்தில் அது ஒருமுறை காட்டியதை மறுமுறை மாற்றியதே இல்லை. முயலும் மைனாவும் காடையும் அந்தத் தலையைப் பார்த்து ஓடித்தான் மேலே போனார்கள்.

பதின்மூன்றாவது பருவத்தில் குழுவின் நல்ல ஆட்டக்காரர் அணில். கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை அது முளையின் அடியில் வந்து உட்கார்ந்தது.

“ஓணாண்ணே, நாளைக்குத் தோப்புலேர்ந்து ஆள் எடுக்கக் கொண்டலாத்தி வருதாமே?”

“வருது.”

“என்னைப் பாக்கத்தானா?”

“பின்னே, ஆமையைப் பாக்கவா?”

அணில் சிரிக்கவில்லை. வேலியில் அது இரண்டு முறை கூடு கட்டியிருந்தது. இரண்டு முறையும் சாரைப்பாம்பு வந்து குட்டிகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

“இந்தத் தடவை குட்டிங்களைப் பொந்துல போடணும்ணே. இந்த வேலியில இன்னொரு தடவை என்னால ஆகாது.”

ஓணான் அதன் வயிற்றைப் பார்த்தது. அதுவரை அதற்குத் தெரியாது.

“எப்ப?”

“ஐப்பசியில.”

ஓணான் மூன்றாம் கல்லைப் பார்த்தது. பிறகு, “நீயும் போயிட்டா நம்மகிட்ட யாரும்மா ஓடுறது?” என்று கேட்டது. கேட்ட வேகத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“நான் நின்ன இடத்துல மண்ணு போடுவீங்கல்ல?”

“எல்லாருந்தான் போடுவோம்.”

“நீங்க கொஞ்சமாப் போடுங்க” என்று சொல்லிவிட்டு அணில் போய்விட்டது.

மறுநாள் வாய்க்கால் குழுவோடு ஆட்டம். கொண்டலாத்தி கொண்டையை மடித்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது. கடைசி முறை வந்தபோது இரண்டு பக்கமும் ஓட்டங்கள் சமம். அணில் இரண்டாம் கல்லில் நின்றது. அது வந்து சேர்ந்தால் கள்ளிவேலிக்கு முதன்முதலாக முதலிடம். அணிலுக்குப் பொந்து.

அடிக்க வந்தது ஆமை. மட்டையை வாயில் கவ்விக்கொண்டிருந்தது.

“கள்ளிவேலித் தாயே, எங்களைக் காப்பாத்து” என்றது மூத்த தவிட்டுக்குருவி.

டொக். எப்படிப் பட்டதோ, காய் உருண்டு போய் எருக்கஞ்செடிக்குள் விழுந்தது. ஆமையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளலாம் என்று வாய்க்கால் குழுவில் எல்லாரும் அணிலைத்தான் பார்த்தார்கள். தவளை எருக்கஞ்செடிக்குள் பாய்ந்தது. கீரி புறப்பட்ட கல்லின் அருகே வந்து காத்து நின்றது. புழுதி எழும்பிற்று. அணில் மூன்றாம் கல்லை மிதித்து முளையைப் பார்த்தது.

ஓணான் தலையை உயர்த்தியது.

அணில் ஓடியது. பாதி தூரம் வந்திருக்கும். முளைமேல் தலை தாழ்ந்தது.

அணில் நின்றது. காலடியில் புழுதி அடங்கியது. இதுநாள்வரை அப்படி நடந்ததில்லை. தான் பார்த்தது சரிதானா என்று மறுபடி பார்த்தது. தலை உயர்ந்தது. இரண்டடி முன்னே ஓடியது. தலை தாழ்ந்தது. திரும்பி இரண்டடி பின்னே ஓடியது. தலை உயர்ந்தது. அணில் வாலை விறைத்துக்கொண்டு பாதையின் நடுவில் நின்றது. அதற்குள் காய் வந்துவிட்டது. கீரி ஓடக்கூட இல்லை. காயை எடுத்துக்கொண்டு நடந்து வந்து தொட்டது.

“என்ன தாயி, இப்படி நின்னுட்டே?” என்றது கீரி. கேலியாக அல்ல.

சமமாக நின்றதால் இரண்டு குழுவும் இன்னொரு முறை ஆடின. அதில் வாய்க்கால் குழு ஓர் ஓட்டம் எடுத்து ஜெயித்துவிட்டது. கொண்டலாத்தி எழுந்து கொண்டையை ஒருமுறை விரித்தது. “நடுவழியில் நிற்கிற கால் எங்களுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுக் கீரியைக் கூட்டிக்கொண்டு போனது.

வேலிமேல் ஏழு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“காய் கீரி கைக்கு வந்துருச்சு. அதைப் பாத்துத்தான் ஓணான் நிக்கச் சொல்லுச்சு.”

“எங்க வந்துச்சு? அப்பத்தான் தவளை செடிக்குள்ள தேடிக்கிட்டு இருந்துச்சு.”

“இவளும் போயிருவாளேன்னு பொறாமைடி.”

“பொறாமையா? பாசம்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பாப்போம்?”

“வயித்துப் புள்ளையோட அப்படி ஓடுறாளேன்னு பதறிப்போச்சு.”

“தலையே ஆடலைங்கிறேன். காத்துல முளைதான் ஆடுச்சு.”

இதில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

எல்லாரும் போன பிறகு அணில் முளையின் அடிக்கு வந்தது. அதன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது.

“அண்ணே, என்னை ஓடச் சொன்னீங்களா, நிக்கச் சொன்னீங்களா?”

ஓணான் வாயைத் திறந்தது. ‘ஓடு’ என்றுதான் சொன்னேன் என்று சொல்லலாம்; அது பொய் இல்லை. ‘நில்’ என்று சொன்னேன் என்றாலும் பொய் இல்லை. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று பார்த்தது. இரண்டும் ஒன்றாக ஏறி வந்து அடைத்துக்கொண்டதில் தொண்டை சிவந்தது. சொல் வரவில்லை. தலை மட்டும் உயர்ந்தது, தாழ்ந்தது, உயர்ந்தது.

அணில் வெகுநேரம் கீழே நின்று அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் அசைவில் அது நின்றுவிடும், அதுதான் பதில் என்று நினைத்தது போலும். அது நிற்கவில்லை.

அன்று முதல்தான் ஓணான் பேச்சை விட்டது. இன்றும் ஏதாவது ஒரு முளையிலோ வேலியிலோ ஏறி, தொண்டை சிவக்க, எதிரே யாரும் ஓடாத வெற்று நிலத்தைப் பார்த்துத் தலையை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருக்கிறது. அன்று முதல்தான் அணில் எந்தப் பாதையைக் கடந்தாலும் பாதியில் நின்று, இரண்டடி முன்னே போய், இரண்டடி பின்னே வந்து திகைக்கிறது.

அந்த அணில் மேலே போகவேயில்லை. ஐப்பசியில் கள்ளிவேலியில் மூன்று குட்டிகள் போட்டது. ஒன்று பிழைத்தது.