குளத்தை அறிந்த போஜன்

ஊட்டி தபால் ஆபீஸ் போஜன் இருபது வருஷமாக ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடுபவர்; ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. அவரைப் போய் ஊட்டி கோல்ஃப் போட்டியை டிவியில் வர்ணனை செய்யக் கூப்பிட்டதும் பழைய சாம்பியன் ரங்கபாஷ்யத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பந்தை அடித்துப் போட்டியைத் தொடங்கிவைக்க வந்த அவர், போஜனிடம், "என் பந்து எங்கே விழும்னு இப்பவே சொல்லும். தப்பினா மைக்கை வெச்சுட்டு நடையைக் கட்டும்!" என்றார்.

கேமராவுக்கு முகம் காட்டித் திரும்பி நின்ற அவர் கால்களைப் பார்த்தார் போஜன். மைக்கில் கிசுகிசுத்தார்: "நேயர்களே, இடதுபக்கக் குளம்."

ரங்கபாஷ்யம் சிரித்துக்கொண்டே ஓங்கி அடித்தார். பந்து குளத்தில் போய் விழுந்தது.

"எப்படிய்யா தெரிஞ்சுது?"

"நீங்க கேமராவுக்காகக் காலைக் குளத்துப் பக்கம் திருப்பி நின்னீங்க சார். நான் சும்மாவே அப்படி நின்னு, அந்தக் குளத்துல முந்நூறு பந்து போட்டிருக்கேன்."

அதன்பின் பதினைந்து வருஷம் மைக் போஜன் கையைவிட்டுப் போகவில்லை. கோப்பைதான் கடைசிவரை வரவேயில்லை.